அமெரிக்க ஆட்சியியல் தொடக்க வகுப்பு: மாணாக்கர் கற்பனவும் செய்வனவும்

ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அந்நாட்டு இளைஞர்க்குக் கற்பிக்குங்கால் ஆசிரியர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றார். போற்றுமாறு கற்பிப்பதா, ஆராயுமாறு கற்பிப்பதா என்பதே அது. போற்றுதலே மிகின் கல்வி வழிபாடாகும். பழித்தலே மிகின் கட்சிப் பேச்சாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் ஆட்சியியல் தொடக்க வகுப்பு இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு கையாள்கின்றது என்பதை, அவ்வகுப்பின் பாடப்பணிகளைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். மூல ஆவணத்தைப் படித்தல், அதற்குப் பொருள் கண்டார் கருத்துகளை ஒப்பிடல், மாறுபட்ட கொள்கைகளுள் ஒன்றைச் சான்றுடன் நிறுவல் என்பனவே அவ்வகுப்பின் தலையாய பணிகள். ஆதலின் இலக்கியம் கற்பிப்பார்க்கும் இஃது அயலான பொருள் அன்று.

1. பாடத்தின் இடம்

இவ்வகுப்பு அரசியல் அறிவியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டார்க்கு மட்டும் உரியதன்று. டெக்சஸ் மாநிலச் சட்டப்படி, அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இளநிலைப் பட்டம் பெற விழைவோர், எத்துறையினராயினும், 6 பருவமணி அளவுக்கு ஆட்சியியல் கற்றல் வேண்டும். இது பெரும்பாலும் இரண்டு பாடங்களுக்கு ஒப்பாகும். நாட்டின் அரசியலமைப்பும் மாநிலத்தின் அரசியலமைப்பும் அவற்றுள் அடங்கும். எனவே பொறியியல் பயில்வாரும் இசை பயில்வாரும் ஒரே அறையில் அமர்ந்து இதனைக் கற்கின்றனர். உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் இதனைக் கற்க விழைவார்க்குக் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்ற பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுத்துள்ளது.

அரசே கட்டாயமாக்கிய பாடத்தில் மாணாக்கர் எதனைத் தரக் கடமைப்பட்டவர்? அறிவையா, உடன்பாட்டையா? இவ்வினாவிற்கு அந்நாட்டு உச்சநீதிமன்ற வரலாற்றிலேயே விடை உண்டு. பள்ளிச் சிறுவர் கொடிவணக்கம் செய்யுமாறு வற்புறுத்தலாம் என 1940-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. மேற்கு வர்ஜீனியாவில் சமயக் கொள்கை காரணமாக வணங்க மறுத்த சிறுவரைப் பற்றிய பார்னெட் வழக்கில், 1943-இல், அம்மன்றமே 6 பேர் ஒருபுறமும் 3 பேர் மறுபுறமுமாக நின்று முந்தைய தீர்ப்பை மாற்றியது. வரலாற்றையும் ஆட்சியமைப்பையும் கற்பிக்குமாறு மாநிலம் கட்டளையிடலாம். ஆயின் ஒரு நம்பிக்கையைச் சொல்லாலோ செயலாலோ ஏற்றதாகக் காட்டுமாறு வற்புறுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. நாம் காணப்போகும் பாடப்பணிகள் அனைத்தும் இவ்வேறுபாட்டின்மேல் நிற்பன.

2. பாடக்குறிப்பு

முதல் நாளன்று ஆசிரியர் பாடக்குறிப்பினை வழங்குகின்றார். எவ்வாரம் எப்பகுதியைப் படித்து வருதல் வேண்டும், தேர்வுகள் எந்நாளில் நிகழும், ஒவ்வொரு பணிக்கும் நூற்றுக்கு எத்துணை மதிப்பெண், காலந்தாழ்த்திக் கொடுத்த கட்டுரைக்கு எவ்வளவு குறையும், பிறர் எழுத்தைத் தம் எழுத்தெனக் காட்டினார்க்கு என்ன நேரும், ஆசிரியரைத் தனியே காண உரிய நேரம் யாது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். டெக்சஸில் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, அரசுக் கல்லூரிகளின் இளநிலைப் பாடக்குறிப்புகளை இணையத்தில் எவரும் காணுமாறு வெளியிடப் பணித்தது.

பணியின் அளவும் குறிக்கத்தக்கது. வகுப்பில் ஒரு மணி நேரம் கற்றால் வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் உழைத்தல் வேண்டும் என்பது பருவமணிக்குரிய பொது இலக்கணம். ஆகவே 3 பருவமணிப் பாடத்திற்கு வாரந்தோறும் ஏறத்தாழ 9 மணி நேரம் வேண்டப்படும். கல்லூரி மாணாக்கர் தம் செயலுக்குத் தாமே பொறுப்பாளர் எனக் கருதப்படுவர். 1974-ஆம் ஆண்டுக் கல்வி ஆவணச் சட்டத்தின்படி, அவர்தம் கல்விப் பதிவுகள் மீதுள்ள உரிமை பெற்றோரிடமிருந்து அவர்க்கே மாறுகின்றது. விதிகளை முன்னரே எழுதி வைத்தலும், அவை ஆசிரியரையும் மாணாக்கரையும் ஒருங்கே கட்டுப்படுத்துதலும், பின்னர்க் கற்கவிருக்கும் எழுதப்பட்ட அரசியலமைப்பிற்கு ஒரு சிறு முன்னுரை போல அமைகின்றன.

3. மூல ஆவணங்கள்

1787-இல் வரையப்பெற்ற அரசியலமைப்பு 7 பிரிவுகளையும், பின்னர்ச் சேர்ந்த 27 திருத்தங்களையும் உடையது. அளவிற் சிறிய இவ்வாவணத்தை மாணாக்கர் முழுமையாகப் படித்தல் வேண்டும். மேற்கூறிய காலேஜ் போர்டின், 2018-இல் திருத்தியமைக்கப்பட்ட பாடத்திட்டம் இதனுள்ளிட்ட 9 மூல ஆவணங்களைக் கட்டாயமாக்கிற்று. விடுதலை அறிவிப்பு, ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைகளுள் நான்கு, அவற்றிற்கு எதிர்நிலையில் நின்ற ‘புரூட்டஸ்’ முதற் கட்டுரை, மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஆகியன அவற்றுட் சில.

இவற்றுள் இரண்டை ஒப்பிட்டுப் படித்தல் பெரும்பயன் தருவது. பரந்த நிலப்பரப்பில் மக்களாட்சிக் குடியரசு நிலைக்குமா என்பது 1787-இல் எழுந்த பெருவினா. நாடு பெரிதாயின் மக்கள் தம் பேராளரை அறியார். பேராளரும் மக்களின் நிலையை அறியார். இறுதியில் உரிமை அழியும் என்றார் புரூட்டஸ் எனப் புனைபெயர் பூண்டவர். ஜேம்ஸ் மாடிசன் பத்தாம் ‘பெடரலிஸ்ட்’ கட்டுரையில் இதனை மறுத்தார். நாடு பெரிதாயின் நலக்குழுக்களும் பலவாகும். அவற்றுள் எதுவும் பெரும்பான்மை பெற்றுப் பிறரை ஒடுக்குதல் அரிதாகும் என்பது அவர் வாதம். இதன்கண் வென்றவர் மாடிசன் பக்கத்தினர். எனினும் தோற்றவரின் கட்டுரையும் பாடத்தில் இருக்கின்றது. வெற்றி பெற்ற கருத்தை மட்டும் படித்தார்க்கு அது வாதமாகத் தோன்றாது, இயற்கை விதியாகவே தோன்றும். மறுப்பை உடன்வைத்துப் படிக்குங்கால்தான், அஃது ஒரு காலத்தில் மாந்தர் ஆய்ந்து மேற்கொண்ட முடிபு என்பது விளங்கும்.

4. வழக்குகளை ஒப்பிடல்

அப்பாடத்திட்டம் உச்சநீதிமன்ற வழக்குகள் பதினைந்தையும் கட்டாயமாக்கியிருந்தது. கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973-ஆம் ஆண்டின் ரோ வழக்குத் தீர்ப்பை 2022-இல் அம்மன்றமே நீக்கியபின், அது பட்டியலினின்று எடுக்கப்பட, வழக்குகள் 14 ஆயின. அரசியலமைப்பின் சொல் மாறாதிருக்கவும் அதற்குக் கொள்ளும் பொருள் மாறக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

ஒவ்வொரு வழக்கையும் நிகழ்ச்சி, எழுந்த வினா, தீர்ப்பு, தீர்ப்பிற்குரிய காரணம், மாறுபட்ட நீதிபதியரின் கருத்து என ஐந்தாகப் பகுத்துச் சுருங்க எழுதுதல் வகுப்புகளில் வழங்கும் முறை. ஐயோவா மாநிலத்து டெ மாய்ன் நகரில், 1965 டிசம்பரில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்துசென்ற மாணவர் பள்ளியினின்று இடைநீக்கம் செய்யப்பட்டனர். 1969-இல் டிங்கர் வழக்கில் உச்சநீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. பள்ளியின் பணிக்குப் பெரிதும் இடையூறு விளையுமெனக் கருத இடமில்லாதபோது அத்தகைய கருத்து வெளிப்பாட்டைத் தடுத்தலாகாது என்பது அதன் நெறி.

தேர்வில் இவ்வழக்கின் கதையைக் கூறினால் மட்டும் போதாது. மாணாக்கர் அறியாத வேறொரு வழக்கின் செய்தியைக் கொடுத்து, இரண்டும் எங்கு ஒக்கும், எங்கு வேறுபடும் என வினவுவர். வகுப்பிற் பயிற்சி பெறுதற்கு 2021-ஆம் ஆண்டின் மஹனாய் வழக்கு நன்கு உதவும். பென்சில்வேனியாவில் மாணவி ஒருத்தி விடுமுறை நாளில், பள்ளிக்கு வெளியே, தன் கைப்பேசியில் பள்ளியை இழிசொல்லால் ஏசிப் பதிவிட்டாள். பள்ளி அவளை விளையாட்டு ஊக்கக் குழுவினின்று ஓராண்டு விலக்கியது. டிங்கர் வழக்கில் நிகழ்ந்தது பள்ளிக்குள்; இங்கு நிகழ்ந்தது பள்ளிக்கு வெளியே. அங்கே போர் பற்றிய கருத்து. இங்கே தனிப்பட்ட சினம். இவ்வேறுபாடுகளுள் முடிபை மாற்றவல்லது எது என ஆய்தலே பணி. 8 நீதிபதியர் மாணவிக்குச் சார்பாகவும் ஒருவர் எதிராகவும் நின்றனர்.

5. எண்ணும் சான்றே

குடியரசுத் தலைவரைத் தெரிவு செய்யும் தேர்வாளர் 538 பேர். 2020-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, வயோமிங் மாநிலத்தில் 5,76,851 மக்களுக்கு 3 தேர்வாளர். கலிபோர்னியாவில் 3,95,38,223 மக்களுக்கு 54 தேர்வாளர். வகுத்துப் பார்ப்பின் ஒரு தேர்வாளர்க்கு வயோமிங்கில் ஏறத்தாழ 1,92,000 மக்களும், கலிபோர்னியாவில் ஏறத்தாழ 7,32,000 மக்களும் ஆவர். வேறுபாடு நான்கு மடங்கிற்குச் சற்றுக் குறைவு. கணக்கிடல் முதற்படி. மக்கள்தொகையைக் கருதாது மாநிலந்தோறும் செனட் உறுப்பினர் இருவர் என்னும் விதியே இதன் காரணம் எனக் காணல் இரண்டாம் படி. இதனைக் குறை என்பாரும், சிறு மாநிலங்களுக்குக் காப்பு என்பாரும் ஒரே எண்ணையே சான்றாகக் கொள்கின்றனர் என உணர்தல் மூன்றாம் படி.

6. வாதக் கட்டுரை

இப்பயிற்சிகள் யாவும் வாதக் கட்டுரையில் ஒன்றுசேர்கின்றன. காலேஜ் போர்டு தேர்வின் திருத்தமுறையில் இதற்கு 6 மதிப்பெண்: தெளிந்த முடிபுரைக்கு 1, சான்றுகளுக்கு 3, சான்று முடிபை நிறுவுமாற்றை விளக்கலுக்கு 1, மாற்றுக் கருத்தை எடுத்துரைத்து விடை கூறலுக்கு 1. எம்முடிபிற்கு மதிப்பெண் என்பது இப்பட்டியலில் இல்லை. தேர்வாளர் முறையை ஒழிக்க வேண்டும் என்பாரும் காக்க வேண்டும் என்பாரும் நிறைந்த மதிப்பெண் பெறலாம். காரணங் காட்டாதார் இருவரும் இழப்பர். இருவர் மாறுபடக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிதலையும் நூலாசிரியர்க்குரிய மதங்களுள் ஒன்றாக நன்னூல் எண்ணுதலை அறிந்தார்க்கு இப்பணி புதிதாகத் தோன்றாது.

முடிவுரை

இவ்வகுப்பு இருவழியாற் கெடும். தம் கொள்கையை ஏற்றார்க்கே மதிப்பெண் தரும் ஆசிரியர் அதனைக் கெடுப்பர். ‘இஃது என் கருத்து’ என்பதே போதுமெனக் கருதிப் படியாது வரும் மாணாக்கரும் கெடுப்பர். முன்னவர் உடன்பாட்டைக் கேட்கின்றார்; பின்னவர் அறிவைத் தர மறுக்கின்றார். அரசு கட்டாயமாக்கிய கல்வி உரிமையுடைய குடிமக்களை ஆக்க வேண்டுமாயின், கடுமையாகப் படிக்குமாறு பணித்தலும் முடிபை அவரவர்க்கே விடுத்தலும் ஒருங்கே வேண்டப்படும். பாடக்குறிப்பு முதல் வாதக் கட்டுரை வரை மேலே கண்ட பணிகள், செம்மையாக நடத்தப்படுமாயின், அவ்விரண்டையும் காக்கும் கருவிகளாம்.