வயதான லாரிக்கு ஒரு கியர் கூடுதல்!

அப்பாவின் பழைய வண்டியை விற்க மனமில்லாத அமெரிக்கர்கள் செய்யும் வேலை

அமெரிக்காவில் கிராமத்துப் பக்கம் போனால் பல வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கும். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் இடம். பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி.

அதன் பெயர் பிக்கப். சின்ன லாரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

வைக்கோல் கட்டு, மாட்டுத் தீவனம், மரச் சட்டம் எல்லாம் அதில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குக் குடும்பம் போவதும் அதில்தான்.

அப்பா ஓட்டிய பிக்கப்பை மகன் ஓட்டுவது அங்கே சாதாரணம். ஐம்பது வருடம் ஆன வண்டிகள்கூட ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு குறை உண்டு.

பெரிய சாலையில் ஏறி வேகம் எடுத்தால் என்ஜின் அலறும்!

அலறல் ஏன்?

இப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். வண்டி, 1972-ம் ஆண்டு செவ்ரோலே சி-10 பிக்கப். அப்பா வாங்கியது. இப்போது மகன் கையில் இருக்கிறது. எட்டு சிலிண்டர் என்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது.

மணிக்கு 70 மைல் வேகத்தில், அதாவது சுமார் 112 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார்கள். அப்போது அந்த என்ஜின் நிமிடத்துக்கு 3,100 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. மனைவி பேசுவது கணவன் காதில் விழாது. ரேடியோ பாடுவது யார் காதிலும் விழாது. பெட்ரோல் முள்ளோ கண்ணெதிரே இறங்குகிறது.

"ஒன்று இதைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள்" என்று மனைவி சொன்னால், அதில் என்ன தப்பு?

குற்றம் என்ஜினில் இல்லை. கியர் பெட்டியில் இருக்கிறது.

அந்த வண்டியில் இருப்பது தானாக கியர் மாறும் பெட்டி. ஆட்டோமேட்டிக் என்று சொல்வார்கள். கிளட்ச் மிதி கிடையாது. அதில் மூன்று கியர்தான். மூன்றாவது கியரில் என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால், பின்னால் போகும் நீண்ட தண்டும் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்கு மேல் கியர் இல்லை. வேகம் கூடக் கூட என்ஜினும் கூடவே ஓடியாக வேண்டும்.

கியர் வைத்த சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரியும். மேடு ஏறும் கியரிலேயே சமதரையில் வேகமாகப் போனால் கால் எப்படிப் பறக்கும்? அந்த நிலைதான் இந்த என்ஜினுக்கு.

இதற்கு மருந்து, "ஓவர்டிரைவ்" என்னும் நாலாவது கியர். அதில் என்ஜின் 7 சுற்றுச் சுற்றினால் தண்டு 10 சுற்றுச் சுற்றும். அதே 70 மைல் வேகத்தில் என்ஜின் சுற்று 3,100-லிருந்து 2,200-க்கு இறங்கிவிடும்!

பின் அச்சில் உள்ள பற்சக்கரத்தை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். மாற்றலாம். பெரிய சாலையில் அலறல் அடங்கும். ஆனால் சுமையோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி முக்கும், முனகும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை.

நாலு கியர் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. அதன் முதல் கியர் பழைய பெட்டியின் முதல் கியரைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கும். கிளம்பும்போதும் லாபம். ஓடும்போதும் லாபம்.

யுத்த டாங்கியிலும் ஓடியது

தானே மாறும் கியர் பெட்டியைப் பெரிய அளவில் முதலில் விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் அது வந்தது. பெயர் ஹைட்ராமேட்டிக். அது வேண்டும் என்பவர்கள் 57 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் அதே பெட்டி அமெரிக்காவின் சிறிய டாங்கிகளிலும் ஏறியது. குண்டு பாயும் இடத்தில் கிளட்சை மிதித்து கியர் மாற்ற யாருக்கு நேரம்?

யுத்தத்துக்குப் பிறகு பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. என்ஜின் எவ்வளவு சுற்றினால் என்ன என்று இருந்தார்கள். அப்போது இரண்டு கியர், மூன்று கியர் பெட்டிகளே போதுமானதாக இருந்தன.

1973-ம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. 1974-ல், நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. 1975-ல் இன்னொரு சட்டம். ஒரு காலனுக்கு இத்தனை மைல் ஓட வேண்டும் என்று கார் கம்பெனிகளுக்கு அது கணக்கு வைத்தது.

கம்பெனிகள் அப்போதுதான் விழித்துக் கொண்டன. 1980-ல் போர்டு கம்பெனி ஓவர்டிரைவ் உள்ள ஆட்டோமேட்டிக் பெட்டியைக் கொண்டுவந்தது. 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் "700ஆர்4" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது.

முதலில் வந்த 700ஆர்4 பெட்டிகளுக்கு நல்ல பெயர் இல்லை. சீக்கிரம் பழுதாகின்றன என்றார்கள். கம்பெனி படிப்படியாகத் திருத்தியது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் 1987-க்குப் பிறகு செய்த பெட்டியைத்தான் பழைய வண்டிக் கிடங்குகளில் தேடுவார்கள்.

ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. 1955 முதல் வந்த செவ்ரோலே எட்டு சிலிண்டர் என்ஜினின் பின் முகத்தில் போல்ட் துளைகள் எங்கெங்கே இருக்கின்றனவோ, அதற்குச் சரியாக இந்தப் பெட்டியிலும் துளைகள் இருக்கின்றன! 1972 என்ஜினில் 1987 பெட்டி நேராகப் போய் உட்காரும்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

வண்டிக்கு அடியில்

பழைய பெட்டியை இறக்க வேண்டும். பெட்டியின் எடை சாதாரணமல்ல. நன்றாக வளர்ந்த ஓர் ஆளின் எடை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். உறுதியான இரும்புத் தாங்கிகளை முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். பெட்டியை இறக்குவதற்கென்றே அகலமான தட்டு வைத்த ஜாக்கி தனியாக உண்டு.

புதுப் பெட்டி பழையதைவிடச் சுமார் 3 அங்குலம் நீளம். அதனால் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றிச் சுமார் 2 அங்குலம் பின்னால் தள்ள வேண்டும். புதிதாகத் துளை போட வேண்டும். பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டையும் 3 அங்குலம் வெட்டிக் குறைக்க வேண்டும்.

தண்டு வெட்டுவது வீட்டில் ரம்பம் வைத்துச் செய்கிற வேலை அல்ல. பட்டறையில் வெட்டி, பற்ற வைத்து, சுழல விட்டு எடை சமன் பார்க்க வேண்டும். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேகத்தில் வண்டியே நடுங்கும். பெட்டியை மாட்டிய பிறகு அளவு எடுப்பவர் புத்திசாலி. அதற்கு முன்பே அளந்து வெட்டிக்கொண்டு வந்தவர்கள் இரண்டாம் தடவை பட்டறைக்குப் போவார்கள்.

என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் பெரிய பரங்கிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் என்பது அதன் பெயர். இரண்டு மேஜை விசிறிகளை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? உருண்டைக்குள் நடப்பதும் இதே வேலைதான். அங்கே காற்றுக்குப் பதில் ஆயில்.

இந்த உருண்டையைப் பெட்டியின் தண்டில் மாட்டும்போது, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு படியாக "டொக், டொக்" என்று இறங்கும். கடைசிப் படி இறங்காமல் விட்டுவிட்டுப் போல்ட்டை முறுக்கினால்? உள்ளே இருக்கும் ஆயில் பம்பு உடைந்து போகும். வண்டி ஓர் அடி நகர்வதற்கு முன்பே பெட்டி பாழ்!

சரியாக உட்கார்ந்ததா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பெட்டியை என்ஜினோடு பொருத்திய பிறகும் உருண்டை கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் என்ஜின் தட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லை என்றால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஒரு கம்பி செய்யும் வேலை

இனிதான் முக்கியமான இடம்.

பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி புறப்பட்டு என்ஜின் மேல் இருக்கும் கார்புரேட்டருக்குப் போகிறது. பார்த்தால் சைக்கிள் பிரேக் கம்பி போல இருக்கும். பழைய பெட்டியிலும் இப்படி ஒரு கம்பி உண்டு. ஆனால் அதற்கு வேலை குறைவு. காலைப் பலமாக அழுத்தும்போது கீழ் கியருக்கு இறக்குவதுதான் அதன் வேலை. அது அறுந்தாலும் வண்டி ஓடும்.

புதுப் பெட்டியில் அப்படி இல்லை.

பெட்டிக்குள் கிளட்ச் வில்லைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். கால் எவ்வளவு அழுத்துகிறதோ, அவ்வளவு கம்பி இழுபடும். கம்பி இழுபட இழுபட ஆயிலின் அழுத்தமும் கூடும். என்ஜின் பலமாக இழுக்கும்போது வில்லைகளும் பலமாகப் பிடித்துக் கொள்ளும்.

கம்பி தளர்ந்திருந்தால்? என்ஜின் முழு பலத்தோடு இழுக்கும். வில்லைகளோ அரைப் பிடியில் இருக்கும். வழுக்கும், உரசும், கருகும். பல வாரச் சேமிப்பைக் கொட்டி வாங்கிய பெட்டி முதல் நாள் ஓட்டத்திலேயே தீய்ந்து போகும்.

"இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தெரு முனை வரை ஓட்டிப் பார்ப்போம்" என்று கிளம்பியவர்கள் பட்ட பாடு அமெரிக்கப் பட்டறைகளில் பழங்கதை. அந்தத் தெரு முனைதான் வில்லைகளுக்கு எமன்.

கம்பியைச் சரியாக வைப்பது கடினமும் அல்ல. கம்பியின் உறையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, உறையைப் பின்னால் தள்ளி, பொத்தானை விட வேண்டும். பிறகு கார்புரேட்டரின் கையை முழுதும் திறந்தால் உறை "கட கட" என்று தானே சரியான இடத்துக்கு நகர்ந்து நிற்கும். கார்புரேட்டர் வேறு கம்பெனியுடையது என்றால், கம்பி மாட்டும் இடத்துக்குத் தனிப் பட்டை வாங்கிப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் அழுத்தமானியை மாட்டிப் பார்ப்பதே நல்லது.

மூளை இல்லாத வண்டி

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தப் பெட்டியின் இரும்பு உருண்டைக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. வண்டி ஒரே சீராக ஓடும்போது இரண்டு விசிறிகளையும் அது ஒன்றாகப் பூட்டிவிடும். ஆயில் வழுக்கல் நின்றுபோகும். பெட்ரோல் மிச்சமாகும். சூடும் குறையும்.

எப்போது பூட்ட வேண்டும் என்று புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் சொல்லும். 1972 வண்டியில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? ஆகவே ஓர் ஒயரை இழுத்து, நாலாவது கியர் விழுந்ததும் தானே பூட்டுகிற மாதிரி செய்கிறார்கள். பிரேக் மிதியோடும் அதை இணைக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் பூட்டு விடுபட வேண்டும். விடுபடாவிட்டால் வண்டி நிற்கும்போது என்ஜினும் சேர்ந்து நின்றுவிடும்.

கடைசியாக ஆயில். காலிப் பெட்டிக்கும் உருண்டைக்கும் சேர்த்துச் சுமார் 11 லிட்டர் பிடிக்கும். ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. பாதி ஊற்றி, என்ஜினைக் கிளப்பி, ஓடும்போதே குச்சியில் அளவு பார்த்து மிச்சத்தை ஊற்ற வேண்டும். பாரம் இழுக்கிறவர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் ஆயிலைக் குளிர வைக்கும் சின்னப் பெட்டியும் வைத்துக் கொள்கிறார்கள். பாரத்தோடு மலை ஏறும்போது நாலாவது கியரே வேண்டாம். மூன்றில் நிறுத்திக் கொள்ள வேண்டும்.

முதல் ஓட்டம்

வேலை முடிந்த மாலை. மகன் ஓட்டுகிறான். பக்கத்தில் மனைவி. நடுவில் குழந்தை.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றில் வழக்கமான சத்தம் எழுகிறது. வேகம் கூடுகிறது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அவன் முகத்தில் வியர்வை!

அப்புறம் யாரோ தோளைத் தட்டிச் சமாதானம் சொன்னது போல என்ஜின் சத்தம் தணிகிறது. நாலாவது கியர் விழுந்துவிட்டது. சிறிது நேரத்தில் இன்னும் கொஞ்சம் தணிகிறது. பூட்டு விழுந்துவிட்டது.

"ரேடியோவைப் போடட்டுமா?" என்கிறாள் மனைவி. கத்தாமலே சொல்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் சாப்பிடப் போகவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிகிறான். ஆயில் தட்டின் ஒரு மூலையில் ஒரே ஒரு சிவப்புச் சொட்டு. போல்ட்டைக் கால் திருகு இறுக்கித் துடைக்கிறான். தரையில் ஒரு காகிதத்தை விரித்துவிட்டு உள்ளே போகிறான். சொட்டு மறுபடி விழுந்ததா என்று காலையில் காகிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.