சித்திரத்துக்கு இசைந்த காற்று

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானிய விமானங்களின் குண்டுகளுக்கு அஞ்சி லண்டனை விட்டு வெளியேற்றப்பட்டிருந்த நேஷனல் காலரி என்னும் சித்திரக்கூடத்தின் சித்திரங்கள், 1941-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் மானட் மலையிலுள்ள பலகைக்கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டன. குகைக்குள்ளே செங்கல் அறைகள் கட்டி, அங்கே இயற்கையாக இருந்த குளிர்ந்த ஈரக்காற்றை மிதமாகச் சூடேற்றி, வெப்பம் 17 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 42 சதவீதம் என்னும் நிலையில், மாரியென்றும் கோடையென்றும் பேதமின்றி நிறுத்தி வைத்தார்கள். லண்டனில் இருந்த காலத்தில் கொப்புளித்தும் செதிலெழும்பியும் பழுதுபார்ப்போருக்கு ஓயாத வேலை வைத்துக்கொண்டிருந்த புராதனப் பலகைச் சித்திரங்கள், சூரியனையே காணாத அந்த மலைக்குகையில் பெரும்பாலும் உபாதையின்றி இருந்தன. 1945-இல் யுத்தம் முடிந்து அவை ஊர் திரும்பியபோது, பழைய உபாதைகளும் கூடவே திரும்பின. அந்த அனுபவத்தைக் கண்ட பின்னரே காற்றின் நிலையை ஒழுங்குபடுத்தும் இயந்திரங்களை அக்கூடத்தில் அமைக்கத் தொடங்கினார்கள்.

பலகையும் காகிதமும் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். அவற்றின்மேல் நாட்பட்டு இறுகிவிட்ட வர்ணப்பூச்சோ அவ்வாறு இசைந்து கொடுக்கமாட்டாது. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் செழித்தோங்கிய தஞ்சாவூர்ச் சித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புக்கல் தூளைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கி, ஆபரணங்களும் மண்டபத் தூண்களும் வரும் இடங்களை மேடாக எழுப்பி, அவற்றிலே கற்களைப் பதித்துத் தங்கரேக்கு ஒட்டி, வர்ணந் தீட்டி முடிக்கிற அந்தப் படைப்பில், ஒன்றோடொன்று சுபாவத்தால் வேறுபட்ட பல வஸ்துக்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஐப்பசி அடைமழையில் பலகை பருத்து, சித்திரை வெயிலில் அது இளைக்கும்போது, அந்த ஒட்டுதல் எங்கே பலவீனமோ அங்கே விரிசல் காண்கிறது. போதாக்குறைக்கு, பசையைத் தின்ன வரும் பூச்சிகளையும் பலகையை அரிக்கும் கரையானையும் ஈரம் வரவழைக்கிறது.

ஆகையால், எந்தச் சுவரில் மாட்டுவது என்ற கேள்வி, எந்தச் சட்டம் போடுவது என்ற கேள்விக்கு முந்தியது. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், பூச்சு வேலை முடிந்து இன்னும் உலராத சுவர், அடுப்புப் புகை எட்டும் சுவர் ஆகிய எல்லாம் விலக்கத்தக்கவை. உட்சுவரே உத்தமம்; அங்கும் சட்டத்தின் கீழ்முனைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால், பின்புறம் காற்று உலாவ வழி ஏற்படும். இராத்திரியில் மட்டும் குளிர்சாதனம் ஓடி, பகலெல்லாம் பூட்டிப் புழுங்கும் அறையைச் சித்திரத்துக்குச் சௌகரியமான இடமென்று பலர் எண்ணுகிறார்கள். தினந்தோறும் ஒரு பருவமாற்றத்துக்கு உள்ளாகும் அந்த அறையைக் காட்டிலும், ஓட்டுவீட்டின் நடுக்கூடத்தையே நான் நம்புவேன்.

இனிச் சட்டம். தைலவர்ணச் சித்திரத்துக்கு வார்னிஷே காப்பாக அமைவதால் கண்ணாடி அவசியமில்லை. நீர்வர்ணத்துக்கும் தஞ்சாவூர்ச் சித்திரத்துக்கும் அவசியம். ஆனால் கண்ணாடி சித்திரத்தைத் தொடலாகாது. தொட்டால், உட்புறம் நீர் கோத்து, பூஞ்சணம் பூத்து, வர்ணம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு, பின்னொரு நாள் பிரிக்கும்போது தெய்வத்தின் திருமுகமே கண்ணாடியோடு பெயர்ந்து வந்துவிடக்கூடும். நீர்வர்ணத்துக்கு, நடுவிலே சாளரம் வெட்டிய மவுண்ட் அட்டை வேண்டிய இடைவெளியைத் தருகிறது. தஞ்சாவூர்ச் சித்திரத்துக்கோ, மேடுகளும் கற்களும் கண்ணாடியில் படாதபடி, சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய மரச்சலாகை ஒன்று வைக்கும்படி கடைக்காரரிடம் வற்புறுத்திச் சொல்லவேண்டும். அட்டை பஞ்சுநாரினால் செய்த, அமிலமற்ற அட்டையாக இருக்கட்டும். மலிவான மரக்கூழ் அட்டையிலுள்ள அமிலம் சில வருஷங்களில் ஓவியத்தின் ஓரங்களைப் பழுப்பாக்கிவிடும். முதுகில் பழைய செய்தித்தாளை ஒட்டி மூடுவதும், பசை நாடாவினால் ஓவியத்தை அட்டையோடு பிணைப்பதும் அந்த ஓவியனுக்குச் செய்யும் துரோகமென்றே சொல்வேன். கோதுமைக் கஞ்சிப் பசையில் ஒட்டிய மெல்லிய காகிதக் கீல்கள் இரண்டு, மேலோரத்தில் இருந்தால் போதும்.

வெளிச்சத்தின் தீங்கும் ஈரத்தோடு சம்பந்தமுடையதே. இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் நீர்வர்ணங்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வெயிலில் வைத்துப் பரீக்ஷித்து, 1888-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: காற்றை நீக்கிய குழாயில் பெரும்பாலான வர்ணங்கள் நிலைத்திருந்தன, ஈரக்காற்று உள்ள குழாயிலோ பல வர்ணங்கள் வெளுத்துப்போயின. அப்படி வெளுத்த வர்ணத்தை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. இதனாலேயே அருங்காட்சியகங்களில் நீர்வர்ணங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கே வெளிச்சம் அனுமதிக்கிறார்கள். வீட்டில் அவ்வளவு மங்கலாக வாழ முடியாதாகையால், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, சில மாதம் சுவரிலும் சில மாதம் பெட்டியிலுமாக மாற்றி வைப்பது விவேகம்.

பூஜையில் வைக்கும் சித்திரத்துக்குப் பக்தியினாலேயே நேரும் ஹானியும் உண்டு. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின்மேல் இடப்படட்டும். கண்ணாடியற்ற சித்திரத்தில் அவை வர்ணத்துக்குள் ஊறிவிடும். விளக்கைச் சற்றே முன்னால் தள்ளி வைத்தால் கரியும் வெப்பமும் நேராகத் தாக்கா. ஈரம் சொட்டும் மாலையைச் சட்டத்தின்மேல் சார்த்தாமல் கீழே வைக்கலாம். கண்ணாடியைத் துடைக்கும்போது நீரைத் துணியில்தான் நனைக்கவேண்டும். கண்ணாடிமேல் தெளித்த நீர் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். திறந்த சித்திரத்தின் தூசிக்கு மிருதுவான உலர்ந்த தூரிகை ஒன்றே போதும். வர்ணம் செதிலாக எழும்பியிருந்தால் அதுவும் கூடாது.

அப்படிச் செதில் எழும்பிவிட்டால், சித்திரத்தை மெதுவாக இறக்கி, முகம் மேலே இருக்கும்படி தட்டையாகக் கிடத்தி, உதிர்ந்த துணுக்குகளை ஒன்றுவிடாமல் காகித உறையில் சேகரித்து வைத்துக்கொண்டு, தேர்ந்த நிபுணரைத் தேடிப் போகவேண்டும். சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தில் அரும்பொருள்களைப் பாதுகாக்கும் பணிக்கென்று 1930-ஆம் ஆண்டிலேயே இரசாயனக் கூடம் ஏற்படுத்தப்பட்டது. அந்த வித்தை அறிந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை வீட்டிலுள்ள கோந்து புட்டியைத் திறவாமல் இருப்பதே அப்போது நாம் செய்யத்தக்க உபகாரம்.