ரெண்டா பிரியுற ரிம்... காத்தோட விளையாடாதீங்க பாஸ்!

காலேஜ் கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டு இருக்கா? அடுத்த பீரியட் கட் அடிக்கிற ஐடியா இருந்தா நேரா அங்கே போங்க. (லஞ்ச் பிரேக்ல போனா இன்னும் நல்லது. ஹெச்.ஓ.டி.யும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்!) ஒரு ஆட்டோ சக்கரத்தைக் குனிஞ்சு பாருங்க. நடுவில் நட்டுகள் ரெண்டு செட்டா இருக்கும். ஒரு செட், சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிச்சிருக்கு. இன்னொரு செட், சக்கரத்தைச் சக்கரத்தோடவே சேர்த்துப் பிடிச்சிருக்கு. புரியலையா? அந்த ரிம் ஒரே துண்டு கிடையாது. ரெண்டு இரும்புத் தட்டுகளை முதுகோடு முதுகா ஒட்டி, போல்ட் போட்டு முடுக்கியிருக்காங்க. நடுவில் டயரும் டியூபும் மாட்டிக்கிட்டு நிக்குது. அப்பாவோட பழைய பஜாஜ் சேத்தக்கிலும் இதே கதைதான். இதுக்குப் பேர்தான் ஸ்ப்ளிட் ரிம்.

இதைப் பத்தி இப்ப ஏன் பேசணும்? காரணம் இருக்கு. கள்ளக்குறிச்சி பக்கம் படிக்கிற பசங்க நாலு பேர் சேர்ந்தா, பேச்சு கல்வராயன் மலைக்கு ட்ரிப் அடிக்கிறதில்தான் முடியும். அதில் ஒருத்தன் மாமாகிட்ட பழைய ஜீப் இருக்கும். "மிலிட்டரி ஏலத்துல எடுத்த ரிம் போட்டா செம பந்தாவா இருக்கும்டா" என்று இன்னொருத்தன் பத்த வெப்பான். ரிம் வாங்கறதுக்கு முன்னாடி அது எதுக்காகப் பிறந்ததுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. ஏன்னா, இந்தச் சக்கரம் மலையில் உங்களைக் காப்பாத்தவும் செய்யும், பஞ்சர் கடை வாசலில் ஆளையே தூக்கி அடிக்கவும் செய்யும்.

முதலில் ஊர் நிலவரம். களமருதூர், உளுந்தூர்பேட்டை பக்கமெல்லாம் சமவெளி. டயருக்குப் பெரிய சோதனை இல்லை. ஆணி குத்தினா, கண்ணுக்கெட்டின தூரத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்ட பஞ்சர் கடை இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஓரங்கட்டி, கரியாலூர், வெள்ளிமலைன்னு ஏற ஏற கதை மாறுது. மெயின் ரோடு தார் ரோடுதான். ஆனா, அதை விட்டு இறங்கி உள்கிராமங்களுக்குப் போற பாதைகள் பலவற்றில் செம்மண்ணும் கூர்க்கல்லும்தான். மழை பெஞ்சா சொல்லவே வேணாம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பத்தி தானா முன்வந்து வழக்கு எடுத்தப்போ, ரோடு வசதியும் அதில் முக்கியமான கேள்வியா வந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏத்தின வண்டிக்கு அந்தப் பாதையில் பஞ்சரானா, பக்கத்தில் டயர் கழட்டுற மெஷினும் இருக்காது, கம்ப்ரஸரும் இருக்காது. இருக்கிறது ரெண்டு லிவர், ஒரு சுத்தியல், ஒரு கைப்பம்ப்.

இந்த மாதிரி நிலைமைக்காகத்தான் ஸ்ப்ளிட் ரிம்மையே உருவாக்கினாங்க. ரெண்டாம் உலகப் போரில் ஓடின வில்லிஸ் ஜீப்புக்கு 'காம்பாட் வீல்'னு ஒண்ணு கொடுத்தாங்க. ரெண்டு பாதிகள், எட்டு நட்டு. உள்ளே ஒரு இரும்பு வளையம். டயரோட ஓரத்தில் கம்பி வெச்சுத் தடிப்பா இருக்குமே, அந்த 'பீட்' பகுதியை இந்த வளையம் உள்பக்கமிருந்து ரிம்மோடு அழுத்திப் பிடிச்சுக்கும். காத்து முழுசா இறங்கினாலும் டயர் ரிம்மை விட்டுக் கழண்டு ஓடாது. குண்டு பாய்ஞ்ச டயரோட கொஞ்ச தூரம் தப்பிச்சு ஓடலாம். அப்புறம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, காத்தை முழுக்க இறக்கி, எட்டு நட்டைக் கழட்டினா வேலை சுலபம். அதே வில்லிஸ் ஜீப்பைத்தான் மஹிந்திரா கம்பெனி 1940-களின் கடைசியில் நம்ம நாட்டில் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. ஆனா, ஊருக்குள் ஓடின சாதா மாடல்களுக்கு ஒரே துண்டு ரிம்தான். அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

லாரியில் இருக்கிறது இன்னொரு வகை. அதில் ரிம் பாதியா பிரியாது. ஒரு பக்க விளிம்பு மட்டும் தனி வளையமா கழண்டு வரும். அது வெளியே வராம இருக்க, ஒரு பள்ளத்தில் 'லாக் ரிங்' உட்கார்ந்திருக்கும். காருக்கு ஏன் இதெல்லாம் வேணாம்? கார் ரிம்மோட நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பீட்டை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறக்கினா, எதிர்ப் பக்கம் லூஸாகி வெளியே வந்துடும். சின்னப் பையன் டைட்டான பேன்ட்டைக் கழட்டுற டெக்னிக்தான்! லாரி டயரோட பீட் முறுக்கா இருக்கும், அந்த வித்தைக்கு வளைஞ்சு கொடுக்காது. அதான் ரிம்மையே பிரிக்க வேண்டியதாச்சு.

சரி, நல்லது என்ன? மெஷின் வேண்டாம். இதுதான் பெரிய பாயின்ட். டியூப் இருக்கிறதால, கல்லில் மோதி ரிம் விளிம்பு லேசா நெளிஞ்சாலும் காத்து நிக்கும். டியூப்லெஸ்ஸில் விளிம்பு நெளிஞ்சா அங்கேயே கசியும். அப்புறம் கல்வராயன் மாதிரி கூர்க்கல் பாதையில் டயரோட பக்கச் சுவர்தான் அதிகம் கிழியும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஓட்டையைத் திரி போட்டு அடைக்கலாம், பக்கச் சுவர்க் கிழிசலை அப்படி அடைக்க முடியாது. டியூப் டயரில் நம்ம ஊர் வைத்தியம் ஒண்ணு இருக்கு. உள்பக்கம் பழைய டயர்த் துண்டை அண்டக் கொடுத்து, வேற டியூப் போட்டு, மெதுவா உருட்டிக்கிட்டு ஊர் வந்து சேரலாம். பர்மனென்ட் இல்லை. ஆனா மலையில் ராத்திரி தங்க வேண்டியதில்லையே! ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை வண்டிகள் 16 இஞ்ச் ஸ்ப்ளிட் ரிம்மோட பல வருஷம் ஓடினதுக்கும் இதுதான் காரணம்.

இப்ப கெட்டது. வெயிட் அதிகம். பேலன்ஸ் பண்றது தலைவலி. டயரும் டியூபும் உள்ளே உரசி சூடாகும். டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தினா காத்து பெரும்பாலும் மெதுவா இறங்கும், டியூபில் ஓட்டையானா சட்டுனு இறங்கிடும். வெள்ளிமலையிலிருந்து இறங்குறப்போ ஒரு கொண்டை ஊசி வளைவில் அது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சேத்துக்காகக் காத்தைக் குறைச்சு ஓட்டினா, உள்ளே பிடி வளையம் இல்லாத ரிம்மில் டயர் நழுவி, டியூபோட வால்வையே பிய்ச்சு எடுத்துடும். இதெல்லாம்கூட சில்லறை விஷயம். பெரிய விஷயம் வேற.

கால்குலேட்டரை எடுங்க. மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வெச்சிருந்தாலும் பரவாயில்லை, எட்டாம் கிளாஸ் கணக்குதான். அழுத்தத்தை பரப்பளவால் பெருக்கினா விசை. லாரியோட 20 இஞ்ச் ரிம் டயருக்கு வெளி விட்டம் சுமார் 40 இஞ்ச். பக்கவாட்டில் காத்து தள்ளுற வட்ட வளையத்தின் பரப்பு 940 சதுர இஞ்ச் வரும். காத்து 100 பி.எஸ்.ஐ.ன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 94,000 பவுண்டு. இதில் சுமார் பாதியை டயரோட மேல்பாகம் தாங்கிக்கும்னு விட்டுட்டாலும், மிச்சம் 47,000 பவுண்டு. அதாவது 21 டன்! ரெண்டு ஆக்ஸில் லாரி முழு லோடோட நிக்கிற எடையைவிட அதிகம். அதை மொத்தமா பிடிச்சு நிறுத்தியிருக்கிறது, விரல் தடிமன் லாக் ரிங் ஒண்ணு. அது உட்கார்ந்திருக்கிற பள்ளத்தில் துரு இருந்தா? ரிங் வளைஞ்சிருந்தா? வேற சைஸ் ரிங்கை அடிச்சு ஏத்தியிருந்தா? பஞ்சர் பார்க்கிறவர் அதுக்கு நேரா குனிஞ்சு நின்னு காத்து அடிச்சுக்கிட்டிருந்தா?

ஜீப்புக்கும் போட்டுப் பாருங்க. 16 இஞ்ச் ரிம், 28 இஞ்ச் டயர், 30 பி.எஸ்.ஐ. அதே கணக்கில் கிட்டத்தட்ட 2.8 டன் வரும். ரெண்டு அம்பாசடர் காருக்கு மேல. ஆட்டோவோட குட்டிச் சக்கரத்திலேயே ஒரு டன் வருது. இப்ப, காத்து இறக்காம அந்த ரெண்டாவது செட் நட்டில் ஸ்பானரை வைக்கிறீங்க. கடைசி ரெண்டு நட்டு மிச்சமிருக்கிறப்போ என்ன நடக்கும்னு தனியா சொல்லணுமா?

அமெரிக்காவில் இப்படிப் பல பஞ்சர் தொழிலாளிகள் செத்த பிறகு, 1980-ல் 'ஓஷா'ங்கிற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு பல துண்டு ரிம்களுக்குன்னே தனி விதி போட்டுச்சு. 1984-ல் ஒரே துண்டு லாரி ரிம்மையும் அதில் சேர்த்தாங்க. விதி ரொம்ப சிம்பிள். டயரை இரும்புக் கூண்டுக்குள் வெச்சு காத்து அடி. நீளமான ஹோஸ் போட்டு, வால்வில் தானா கவ்விப் பிடிக்கிற கிளிப் மாட்டி, ரிங் பறந்தா எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையை விட்டுத் தள்ளி நில். காத்து இருக்கிறப்போ ரிங்கை சுத்தியலால் தட்டி உட்கார வைக்காதே. வெடிச்ச ரிம்மை வெல்டிங் வெச்சு ஓட்டாதே. இருக்க வேண்டிய காத்தில் 80 சதவீதமோ அதுக்குக் கீழேயோ வெச்சு ஓடின டயரா இருந்தா, வால்வோட உள்பின்னை எடுத்து காத்தை முழுசா இறக்காம அதைக் கழட்டாதே.

நம்ம ஊர் ஹைவே ஓரத்துப் பஞ்சர் கடையில் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. கூண்டு எத்தனை கடையில் இருக்குன்னு எண்ணுங்க. பல இடங்களில் லாக் ரிங் பக்கத்தை மண்ணைப் பார்த்துக் கவிழ்க்கிறதோ, ஒரு இரும்புச் சங்கிலியைச் சுத்துறதோதான் பாதுகாப்பு. ஒண்ணும் இல்லாததுக்கு அது பரவாயில்லை. ஆனா 21 டன்! இதில் எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு உண்டு. ரிம்மோட லாபம் வண்டிக்காரருக்கு, ஆபத்து மட்டும் தினக்கூலிக்கு வர்ற பையனுக்கு. "சீக்கிரம் போடுப்பா, லோடு போகணும்" என்று அவசரப்படுத்துறவர் டீக்கடையில் நிக்கிறார். ரிங்குக்கு நேரா நிக்கிறது அந்தப் பையன். புது லாரிகளில் டியூப்லெஸ் டயரும் ஒரே துண்டு ரிம்மும் நிறைய வந்தாச்சு. அதைப் பார்த்து வண்டிக்காரரைவிட பஞ்சர் கடைக்காரர்தான் நிம்மதிப் பெருமூச்சு விடணும்.

அப்போ மாமாவோட ஜீப்புக்கு? என் ஓட்டு, வேண்டாம். வெள்ளிமலை, பெரியார் அருவி, மேகம் அருவின்னு ஒரு நாள் சுத்திட்டு வர்றதுக்கு நல்ல ஒரே துண்டு இரும்பு ரிம்மே போதும். டியூப்லெஸ்னா திரி போடுற கிட், காத்தடிக்கிற சின்ன மோட்டார், சரியா காத்து வெச்ச ஸ்டெப்னி இருந்தா கதை முடிஞ்சது. (ஸ்டெப்னியில் காத்து பார்க்காமலேயே மலை ஏறுற கோஷ்டி ஒண்ணு எல்லா காலேஜிலும் உண்டு!) மெஷினுக்கு நூறு கிலோமீட்டர் தள்ளி, வாரக்கணக்கில் காட்டிலேயே கிடக்கிற வண்டிக்கு ஸ்ப்ளிட் ரிம் கேளுங்க, நானும் சரின்னு சொல்றேன். ஏலத்தில் வந்த ரிம்முக்கு வயசு என்ன, எத்தனை தடவை யார் தட்டி நிமித்தினாங்கன்னு வித்தவருக்கே தெரியாது. பந்தாவுக்காக அதை மாட்டி, அப்புறம் ஜீப்பையே பார்த்திராத ஒரு பஞ்சர் கடைப் பையன் கையில் கொடுக்கிறது நியாயம் இல்லை. அவனுக்கு எது சக்கர நட்டு, எது ரிம் நட்டுன்னு தெரியணும்னு கட்டாயம் கிடையாதே.

ஏற்கெனவே அப்படி ஒரு ரிம் உங்க வீட்டு வண்டியில் இருந்தா, பிரிட்டிஷ் ராணுவம் தன்னோட லேண்ட் ரோவர்களில் பண்ணின வேலையைக் காப்பி அடிங்க. ரிம் பாதிகளைப் பிடிக்கிற நட்டுக்கெல்லாம் சிவப்பு பெயிண்ட். காத்து இருக்கிறப்போ சிவப்பைத் தொடாதேன்னு அர்த்தம். ஒரு சின்ன டப்பா சிவப்பு பெயிண்டும் பிரஷ்ஷும் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். மிச்சமிருந்தா, காலேஜ் வாசல் ஆட்டோ அண்ணன்கிட்ட கேட்டுட்டு, அவர் வண்டிக்கும் அடிச்சு விடுங்க.