படகும் ப்ராஜெக்டும்

2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய வாரங்களில் நாகப்பட்டினத்துக்கு வராத உதவி இல்லை. தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பலியான ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் அந்த ஒரு மாவட்டத்தவர். கொடுக்க வந்தவரைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணியை மீனவர்கள் தொடவில்லை. சாலையோரம் குவிந்து கிடந்து, கடைசியில் குப்பையாக அள்ளப்பட்டது.

அடுத்து வந்தது படகு. வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம், பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரையும் எழுதலாம். கட்டுமரம் இருந்த கரைகளில் ஃபைபர் படகுகள் நிறைந்தன. சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் பல ஊர்களில் சேர்ந்தன. பங்குக்குத் தொழிலுக்குப் போனவரும் படகுக்காரரானார். கூட ஏற ஆள் கிடைக்கவில்லை. கடலில் மீன் மட்டும் கூடவில்லை.

அந்த நெரிசலிலும் நிதானமாக யோசித்தவர்கள் இருந்தார்கள். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் உள்ளிட்டவை சேர்ந்து நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கின. எந்த ஊருக்கு என்ன போய்ச் சேர்ந்தது, எது இன்னும் போகவில்லை என்று அங்கே கணக்கு வைத்தார்கள். ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, சுனாமிக்கு வந்த பணம் போதும் என்று சில நாட்களிலேயே அறிவித்தது. மிச்சத்தை வேறு நாடுகளின் நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பெரும்பாலோர் சரி என்றார்கள்.

இன்று பொருள் விஷயத்தில் நாம் தேறிவிட்டோம். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கஜா புயலிலும் தேவைப் பட்டியல்கள் கைபேசியில் பறந்தன. பழந்துணி அனுப்பாதீர்கள் என்று தன்னார்வலர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

ஆனால் பணம் வரும் வழி மாறிவிட்டது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டமோ, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அதைக் கைமாற்றுவதையும் தடுத்தது. பெரிய அமைப்புகள் வழியே பணம் பெற்றுவந்த சிறியவை உள்ளூர் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். அலுவலகங்களில் காத்திருக்கத் தொடங்கின. மீனவப் பெண்களோடு வேலை செய்த அமைப்பு, பணம் அங்கே இருக்கிறது என்பதற்காக ஸ்மார்ட் வகுப்பறை ப்ராஜெக்டுக்கு விண்ணப்பம் எழுதுகிறது. சம்பளம் கொடுத்தாக வேண்டுமே! ஓராண்டில் ப்ராஜெக்ட் முடிகிறது. அதற்குள் பழைய வேலை தெரிந்த களப்பணியாளர் வேறு இடம் போய்விடுகிறார்.

அன்று கரையில் சேர்ந்த தேவையில்லாத படகுகளை யாரும் எண்ணிப் பார்க்க முடிந்தது. இன்று தேவையில்லாத ப்ராஜெக்டுகள் ஆண்டறிக்கையில் சாதனையாக அச்சாகின்றன. அதே அறிக்கையில், எந்த வேலையை ஏன் மறுத்தோம் என்று ஒரு பக்கம் சேர்க்கலாம். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது நன்கொடையாளரின் பொறுப்பு.