சிறைக்குள் திரை யாருக்காகத் திறக்கிறது?



சிறைவாசிகள் வீட்டாருடன் காணொலியில் பேசலாம் என்றதும், ‘குற்றவாளிக்கு எதற்கு இந்த வசதி?’ என்று கேட்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆகவே இது நம் தெருவின் பிரச்சினை.

சிறைக்குள் திரை ஏற்கெனவே இருக்கிறது. காவல் நீட்டிப்புக்குக் கைதியை நேரில் கொண்டுவராமல் காணொலி வழியே நீதிபதிக்குக் காட்டலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அனுமதித்தது. குடும்பத்தாருக்கான காணொலி அழைப்போ, 2020இல் கொரோனாவால் நேர்காணல்கள் நிறுத்தப்பட்ட பிறகுதான் பரவலானது. சிறையில் வைத்திருப்பதற்கு முதலில் திறந்த திரை, உறவுக்குத் தாமதமாகத் திறந்தது.

சிறை வாசலில் நேர்காணலை ‘மனு பார்ப்பது’ என்பார்கள். மனு பார்க்கப் போகும் கூலித் தாய்க்கு அன்றைய கூலி போகும். பேருந்துச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டும். கிடைப்பதோ இரைச்சலுக்கு நடுவே சில நிமிடங்கள். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்களை நாம் அறிவோம். யாரிடம் கேட்பது, எந்த ஆவணத்தைத் தேடுவது என்று வீட்டாரிடம் சொல்லக் கிடைக்கும் பத்து நிமிடமே சிலருக்கு விடுதலையாகிறது.

இதற்காகத்தான் ‘இ-முலாகாத்’ என்ற இணையவழி ஏற்பாடு உள்ளது. ஆனால் அதில் பதிவு செய்ய கைபேசி எண், அடையாளச் சான்று, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் வேண்டும். பேருந்துக்குக் காசில்லாத அதே தாயிடம் திறன்பேசியும் இருப்பதில்லை.

இது சலுகை அல்ல. குடும்பத்தையும் வழக்கறிஞரையும் சந்திப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் 1981இலேயே உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 58ஆவது விதி, கடிதத்தோடும் நேர்காணலோடும் மின்னணுத் தொடர்பையும் சேர்த்தே சொல்கிறது. ‘திரை இருக்கிறதே, நேரில் எதற்கு?’ என்று யாரும் சொல்ல இடம் தரக் கூடாது. சித்திரவதையின் தழும்பைக் காவலர் அருகில் நிற்கும்போது திரையில் காட்ட முடியாது.

சிறைப் பதிவேட்டில் சாதிப் பத்தி கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவேட்டில் அழிந்த சாதி, திறன்பேசி உள்ளவர் இல்லாதவர் என்ற பிரிவினையில் மீண்டும் நுழைகிறது.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ஊர் அம்பேத்கர் படிப்பகங்களில் ஒரு திறன்பேசியும், படிவம் நிரப்பித் தரும் ஒரு மாணவரும் இருக்கட்டும். அரசிடம் கேட்க வேண்டியது இரண்டு: சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் ஒவ்வொன்றிலும் இலவசக் காணொலி வசதி, வழக்கறிஞருடன் ஒட்டுக்கேட்பு இல்லாத உரையாடல். சிறைக்குள் இருக்கும் நம் பிள்ளையின் குரல் வீடு வந்து சேரட்டும்.