சிறிய நீல விண்மீன் திரள்கள் வளர்வது எப்படி? அஸ்ட்ரோசாட் படங்கள் தரும் விளக்கம்

நமது பால்வெளி போன்ற பெரிய விண்மீன் திரள்கள் எவ்வாறு உருவாயின என்பது வானியலின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. இதற்கு விடை தேடும் அறிவியலாளர்கள், நீல நிறத்தில் ஒளிரும் மிகச் சிறிய விண்மீன் திரள்களை ஆராய்ந்து வருகின்றனர். இவை தமது விளிம்பிலிருந்து வளர்கின்றன என்பதற்கான சான்றை இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வகம் அளித்துள்ளது.

நீல நிறம் ஏன்?

புதிதாகப் பிறக்கும் விண்மீன்களுள் நிறை மிகுந்தவை கடும் வெப்பத்துடன் நீல ஒளியையும் புற ஊதாக் கதிர்களையும் உமிழ்கின்றன. அவற்றின் ஆயுள் குறைவு. எனவே, ஒரு திரளில் புற ஊதா ஒளி தென்பட்டால், அங்கு அண்மைக் காலத்தில் விண்மீன்கள் பிறந்துள்ளன என்று பொருள்.

இந்தக் கதிர்களை வளிமண்டலத்தின் ஆக்சிஜனும் ஓசோனும் தடுத்துவிடுகின்றன. மின்விளக்குகள் நிறைந்த மும்பை முலுண்ட் ஆனாலும், இருள் சூழ்ந்த லடாக்கின் ஹான்லே ஆனாலும், தரையிலிருந்து அவற்றைப் படமெடுக்க இயலாது. அதற்கு விண்வெளித் தொலைநோக்கி தேவை.

38 செ.மீ. தொலைநோக்கி

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டில், தலா 38 செ.மீ. விட்டமுள்ள இரு தொலைநோக்கிகளைக் கொண்ட புற ஊதாக் கருவி உள்ளது. அதே செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர் கருவிகளை உருவாக்கியதில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியுடன் ஒப்பிட்டால் இந்தக் கருவி சிறியது. எனினும், அதன் உணரிகளில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதால், மிக மங்கலான புற ஊதா ஒளியையும் பதிவு செய்ய முடிகிறது.

கண்டறிந்தது என்ன?

அசாமின் தேஜ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர் அன்ஷுமான் போர்கோஹெய்ன், புனேயில் உள்ள வானியல், வான் இயற்பியல் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான மையத்தின் கனக் சாஹா உள்ளிட்ட இந்திய, அமெரிக்க, பிரெஞ்சு அறிவியலாளர்கள், 130 கோடி முதல் 280 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள 11 சிறிய நீலத் திரள்களை ஆராய்ந்தனர். முடிவுகள் 2022 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வெளியாயின.

சாதாரண ஒளிப் படங்களில் இத்திரள்களின் எல்லையாகத் தென்படும் பகுதிக்கு அப்பாலும் புற ஊதா ஒளி பரவியிருந்தது. அங்கு இளம் விண்மீன்களின் பெருந்தொகுதிகள் இருந்தன. சுற்றியுள்ள வெளியிலிருந்து வந்து சேரும் வாயுவே அவற்றுக்கு மூலப்பொருள் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இத்தொகுதிகள் சுழற்சி வேகத்தை இழந்து படிப்படியாக மையத்தை நோக்கி நகர, திரளின் உட்பகுதி வலுப்பெறுகிறது.

பெரிய விண்மீன் திரள்களும் ஒரு காலத்தில் சிறியவையாக இருந்தவையே. ஆகவே, இந்தப் படங்கள் பால்வெளியின் இளமைக் காலத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும். ஐந்தாண்டு பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்ட அஸ்ட்ரோசாட், 2025 செப்டம்பரில் பத்தாண்டுகளை நிறைவு செய்துள்ளது.