பைத்தான் 3.12: டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கமும் சி நீட்சிகளும்

பைத்தான் 3.12 என்பது பைத்தான் நிரலாக்க மொழியின் 2023 அக்டோபர் 2 அன்று வெளியான பதிப்பாகும். இதில் சேர்ந்த புதிய வசதிகளை விட, இதிலிருந்து நீக்கப்பட்ட டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கூறே பலருக்கு முதலில் தெரியவந்தது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல், "டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கூறு இல்லை" என்ற பிழையுடன் நின்றது.

பைத்தானின் வேகம் போதாத இடங்களில், அப்பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி இணைப்பது வழக்கம். இது நீட்சி எனப்படும். நீட்சியை அந்தந்த இயங்குதளத்துக்கு ஏற்பக் கம்பைல் செய்ய வேண்டும். எந்தக் கம்பைலரை அழைப்பது, தலைப்புக் கோப்புகள் எங்கே உள்ளன, விளைவை எங்கே நிறுவுவது ஆகியவற்றை 2000ஆம் ஆண்டில் பைத்தான் 1.6 உடன் வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் கவனித்துக்கொண்டது.

பைத்தானின் செந்தர நிரலகத்தில் இருந்ததால், அதன் புதிய வசதிக்குப் பைத்தானின் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கம்பைலர்கள் அவ்வாறு காத்திருப்பதில்லை. அதன் மேல் கட்டப்பட்ட செட்டப்டூல்ஸ் தனியாக வளர்ந்து, நடைமுறையில் அதன் இடத்தைப் பிடித்தது. எனவே ஸ்டீவ் டவர் எழுதிய பெப் 632 முன்மொழிவின்படி, 2021இல் வெளியான 3.10 பதிப்பிலிருந்து எச்சரிக்கை காட்டப்பட்டு, 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. இரண்டு பதிப்புகள் எச்சரித்தும் பலர் அதைக் கவனிக்கவில்லை. பொதுவாக எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை!

நீட்சியே இல்லாத நிரல்களும் பாதிக்கப்பட்டன. பதிப்பு எண்களை ஒப்பிடும் ஒரு சிறு வசதிக்காகவே பலர் டிஸ்ட்யூட்டில்ஸை அழைத்திருந்தனர். செட்டப்டூல்ஸ் தனக்குள் அதன் ஒரு படியை வைத்திருப்பதால், அதை நிறுவினால் பெரும்பாலும் பிழை மறையும். ஆனால் 3.12இல் உருவாக்கும் மெய்நிகர்ச் சூழலில் செட்டப்டூல்ஸும் தானாக நிறுவப்படுவதில்லை. நிரலைத் திருத்துவதே நிலையான வழி. நம்பை நூலகம் இதன் பொருட்டே தன் கட்டமைப்பு முறையை மெசானுக்கு மாற்றியது, 3.12ஐ ஆதரித்த அதன் முதல் பதிப்பு 1.26 ஆகும்.

சி மட்டத்திலும் மாற்றங்கள் உண்டு. சர வகையில் இருந்த ஒரு பழைய புலம் நீக்கப்பட்டதால், ஒவ்வொரு சரமும் குறைந்தது 8 பைட்டு சிறிதானது. முழு எண் வகையின் உள்ளமைப்பும் மாறியது. இந்த உள்ளமைப்பை நேரடியாகத் தொட்ட நீட்சிகள் கம்பைல் ஆகவில்லை. சைத்தான் கருவியின் பழைய பதிப்பு உருவாக்கிய சி கோப்புகள் பலவும் இவ்வகையில் தோற்றன. அவற்றைப் புதிய சைத்தான் கொண்டு மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது.

ஒரு பதிப்புக்காகக் கம்பைல் செய்த நீட்சி பொதுவாக அடுத்த பதிப்பில் இயங்காது. எனவே நீட்சி கொண்ட வீல் கோப்பின் பெயரில் 'சிபி312' போன்ற குறி இடம்பெறும். பொருந்தும் வீல் கிடைக்காதபோது, பிப் கருவி மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்ய முயலும். கம்பைலர் இல்லாத விண்டோஸ் கணினியில் நீண்ட பிழைச் செய்தி வருவது பெரும்பாலும் இதனால்தான். பைத்தான் 3.2இல் அறிமுகமான நிலையான இடைமுகத்துக்குள் மட்டும் எழுதப்பட்ட நீட்சிகளின் வீல்கள் 'ஏபிஐ3' என்ற குறியுடன் வருகின்றன. அவற்றை ஒவ்வொரு பதிப்புக்கும் மீண்டும் கம்பைல் செய்யத் தேவையில்லை.